பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டீர்களா? டர்பனில் அதைப் பழுது பார்த்து ஓட்டும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். 1972 மாடல். வாங்கிய மூன்றாம் வாரமே செல்ஃப் திணற ஆரம்பித்தது. காலையில் அரைச் சுற்று சுற்றிவிட்டு நிற்கும், வெயிலில் நிறுத்தி எடுத்தால் அதுவும் இல்லை. பேட்டரி மாற்றினேன். ஆல்டர்னேட்டர் மாற்றினேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போச்சு என்றார்கள், அதையும் மாற்றினேன். நாலு மாதம் ஓடியது, 11,000 ராண்டுக்கு மேல் செலவானது. வண்டி மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் கோயிலில் பழக்கமான ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர், ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தமிழ் பாட்டி பேசக் கேட்ட அளவுக்குத்தான் வரும், பாதிக்கு மேல் ஆங்கிலம். "தம்பி, ஒரு பத்து செகண்ட் செல்ஃப் அடி" என்றார். அடித்தேன். "இப்ப வந்து இந்தச் சோக் கேபிளைத் தொட்டுப் பாரு." தொட்டேன், சுட்டது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய எர்த் ஒயரே இல்லை. எனக்கு முன்னால் யாரோ கிளட்ச் மாற்ற எஞ்சினை இறக்கியவர்கள் அதைத் திரும்ப மாட்டவில்லை. ஸ்டார்ட்டர் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் மெல்லிய சோக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. புது எர்த் ஒயருக்கு ஆன செலவு 200 ராண்டுக்குள்தான்.

அந்த நாலு மாதம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள அளவுகள் எம்ஜிபிக்கானவை. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், டிஆர்6, ஆல்ஃபா, டட்சன் 240இசட் என்று எது வைத்திருந்தாலும் பார்க்கும் வரிசை இதுதான், அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் மேனுவலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. காசு கொடுக்கும் முன் காகிதம்

இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர்களுக்கு முதல் தடை இங்கேதான். தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாமல் உங்கள் பெயரில் வண்டியைப் பதிய முடியாது. அதற்குப் பதில் 'டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர்' வாங்க வேண்டும். வண்டி பார்க்கத் தொடங்கும்போதே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள், கையில் வர நாளாகும். கடவுச்சீட்டு, விசா, புகைப்படம், மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும்.

வண்டி கைமாறிய 21 நாளுக்குள் உரிமை மாற்றம் செய்ய வேண்டும். விற்றவர் என்சிஓ (உரிமை மாற்ற அறிவிப்பு) படிவம் கொடுப்பார், நீங்கள் ஆர்எல்வி (பதிவு விண்ணப்பம்) படிவம் நிரப்ப வேண்டும். கூடவே அசல் பதிவுச் சான்றிதழும் ரோடுவொர்த்தி சான்றிதழும் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று). ரோடுவொர்த்தி 60 நாள்தான் செல்லும். பழைய வண்டியில் ஒரு பழுதைச் சரிசெய்யவே மூன்று வாரம் ஓடிவிடுகிறது, எனவே புதிதாக எடுத்த ரோடுவொர்த்தியோடு வருகிற வண்டியாகப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இன்னும் இரண்டு விஷயம். பதிவுச் சான்றிதழில் கோட் என்ன என்று பாருங்கள். 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி, 3 என்றால் உடைத்துத் திரும்பக் கட்டிய வண்டி, 4 என்றால் திரும்பச் சாலைக்கே வரக் கூடாத வண்டி. அப்புறம், சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வயது வண்டிகளில் எஞ்சின் மாறியிருப்பது சர்வசாதாரணம். மாறியிருந்தால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவைத் திருத்த வேண்டும். அதை விற்பவரே முடித்துத் தரட்டும், நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

2. கருவிகளும் ஒரு நோட்டும்

பிரிட்டிஷ் வண்டிக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் உதவாது. அரையங்குலம், ஏழின்கீழ் பதினாறு, ஒன்பதின்கீழ் பதினாறு என்று அங்குல அளவு ஸ்பானர் செட் வாங்குங்கள். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அரையங்குல நட்டில் உட்காருகிற மாதிரியே இருக்கும், ஆனால் இறுகிப்போன நட்டாக இருந்தால் முனை மழுங்கிவிடும்.

மற்றபடி ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லைட், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், நல்ல உப்புத்தாள், இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், உலர் பவுடர் தீயணைப்பான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். மல்டிமீட்டர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, நான் 300 ராண்ட் கொடுத்து வாங்கியதுதான் இன்றுவரை ஓடுகிறது. வண்டிக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலும் அதில் உள்ள ஒயரிங் படமும் அவசியம். உங்கள் வருடத்துப் படம்தானா என்று பாருங்கள். ஒரே மாடலில் நாலு வருடத்துக்கு நாலு ஒயரிங் இருக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, என்ன கோளாறு, என்ன அளந்தேன், எதை மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பார்க் உண்டாக்கும் பாகங்களான பிளக், பாயின்ட், கண்டென்சர் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு வண்டி முன்பைவிட மோசமானால், மூன்றில் எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும்.

3. முதலில் பேட்டரி

பெட்ரோல் கோளாறு மாதிரி தெரிந்தாலும் பேட்டரியில்தான் தொடங்க வேண்டும்.

எம்ஜிபியில் பேட்டரி பானெட்டுக்குள் இல்லை, சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். பலர் இப்போது ஒரே 12 வோல்ட் பேட்டரியாக மாற்றியிருக்கிறார்கள். இடம் குறுகல், சுற்றிலும் இரும்பு. மோதிரம், கடிகாரம் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதற்குப் பிறகு நெகட்டிவ். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். எனவே வருடத்தை நம்பாமல், பேட்டரியிலிருந்து பாடியில் போல்ட் போட்டிருக்கும் ஒயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இன்றைய கார் ரேடியோவையோ எலெக்ட்ரானிக் இக்னிஷனையோ அப்படியே மாட்டினால் அந்தக் கணமே எரிந்துவிடும். எந்த வேலை என்றாலும் எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

வண்டியை ஒரு இரவு நிறுத்திவிட்டுக் காலையில் அளங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போட்ட பிறகுதான் அடுத்த சோதனை. எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் ரேஸ் கொடுத்து அளந்தால் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் வர வேண்டும். அது வந்தால் ஆல்டர்னேட்டரைத் தொடாதீர்கள். நான் மாற்றிய பழைய ஆல்டர்னேட்டர் 14.1 கொடுத்துக்கொண்டிருந்தது, அதைப் பிறகுதான் அளந்தேன். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

4. எர்த்: பாதிக் கோளாறு இங்கேதான்

கரண்ட் போகிற பாதையை எல்லாரும் பார்ப்பார்கள், திரும்பி வருகிற பாதையை யாரும் பார்ப்பதில்லை. பழைய காரில் திரும்பி வரும் பாதை வண்டியின் பாடிதான். ஐம்பது வருடத் துருவும் மேலே அடித்த பெயின்ட்டும் அந்தப் பாதையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. டர்பனில் கடல் காற்று வேறு. உம்லாங்கா, ப்ளஃப் பக்கம் கடலைப் பார்த்து நிறுத்துகிறவர்கள் வருடம் இரண்டு முறை எர்த் போல்ட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

சோதனை சுலபம். காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) வரும் வெள்ளை ஒயரைக் கழற்றி, எதிலும் படாமல் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, சுற்ற மட்டும் செய்யும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், இன்னொன்றை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியின் கிளாம்ப்பில் அல்ல, நடுவில் உள்ள ஈயக் குமிழில். வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் பாதை நல்ல பாதை. என் வண்டியில் அன்றைக்கு 3 வோல்ட்டைத் தாண்டியது. புது ஒயர் மாட்டியபின் 0.1.

அதிகம் காட்டினால் பாதையைத் துண்டு துண்டாக அளங்கள். பேட்டரிக் குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து பாடி, பாடியிலிருந்து எஞ்சின். எந்தத் துண்டில் வோல்ட் விழுகிறதோ அங்கே கோளாறு. எஞ்சின் எர்த் ஒயர் கியர்பாக்ஸ் அல்லது எஞ்சின் மவுண்டிங் பக்கத்தில், அடியிலிருந்து பார்த்தால் தெரியும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட் கடத்தாது, அதனால்தான் இந்த ஒயர் இல்லையென்றால் சோக் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் சூடாகின்றன. கிளட்ச் வேலை செய்த வண்டி என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், முதலில் இந்த ஒயரைத் தேடுங்கள்.

போல்ட்டைக் கழற்றி, ஒயரின் வளையத்தையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள்.

விளக்குகளுக்கும் இதே கதைதான். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் லேசாக மின்னுகிறதா? அந்த விளக்குக்கு எர்த் இல்லை, பக்கத்து பல்பு வழியாகத் திரும்புகிறது. பல்பு மாற்றிப் பயன் இல்லை.

5. ஒயர் நிறமும் ஃபியூஸும்

இந்தத் தலைமுறை பிரிட்டிஷ் வண்டிகளில் நிறம் பொய் சொல்லாது, யாராவது நடுவில் கைவைத்திருந்தால் தவிர. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் கரண்ட் இருக்கும், ஃபியூஸ் கிடையாது. வெள்ளை சாவி போட்டால் வரும், அதற்கும் ஃபியூஸ் இல்லை. பச்சை சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா எப்போதும் கரண்ட், ஆனால் ஃபியூஸ் உண்டு. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட், கறுப்பு எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. இண்டிகேட்டர், வைப்பர், பெட்ரோல் முள் மூன்றும் ஒன்றாகச் செத்தால் மூன்று கோளாறு இல்லை, பச்சை ஒயருக்கான ஃபியூஸ் ஒன்றுதான். ஃபியூஸ் எரியாமலும் இருக்கலாம். அதன் இரண்டு நுனியும் ஃபியூஸ் பெட்டியின் பிடியும் பச்சை பூத்திருக்கும், தேய்த்துவிட்டால் போதும்.

பழுப்பு ஒயர் எங்காவது இரும்பில் உரசித் தோல் போனால் எந்த ஃபியூஸும் காப்பாற்றாது, ஒயர் முழுதும் எரியும். நான் செய்த நல்ல செலவுகளில் ஒன்று பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டிய கட் ஆஃப் சுவிட்ச். வண்டியை நிறுத்தினால் அதைத் திருப்பிவிடுவேன்.

ஃபியூஸ் விஷயத்தில் ஒரு கண்ணி. பிரிட்டிஷ் கம்பெனியான லூகாஸின் பழைய ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது உருகுகிற அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். கடையில் கிடைக்கும் வேறு வகைக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்றால் தொடர்ந்தே 35 தாங்கும் என்று அர்த்தம். அதைப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் உருகும். 17, 35 இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

6. செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை

சரி, பேட்டரியும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன, எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. ஸ்பார்க் இல்லை அல்லது பெட்ரோல் இல்லை, இரண்டில் ஒன்று.

காதால் தொடங்கலாம். சாவியைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடிக்காமல் கேளுங்கள். பின் வலது சக்கரத்துப் பக்கமிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று வேகமாகத் தட்டி, பிறகு மெதுவாகி நிற்க வேண்டும். நின்றால் கார்பரேட்டர் நிரம்பிவிட்டது. நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது வழியில் காற்று இழுக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. மூக்கால் பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் சாவியை எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சத்தமே இல்லையென்றால் பம்ப்பின் எர்த், வெள்ளை ஒயர், பம்ப்புக்குள் இருக்கும் பாயின்ட் என்ற வரிசையில் பாருங்கள். ஸ்பானர் கைப்பிடியால் பம்ப்பை லேசாகத் தட்டினால் உயிர் வந்துவிடும். வீடு போய்ச் சேர அது போதும், ஆனால் பம்ப்பின் பாயின்ட் தேய்ந்துவிட்டது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்பார்க். ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரோடு எஞ்சின் இரும்பில் வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள், கார்பரேட்டர் பக்கம் வைக்க வேண்டாம். பளிச்சென்று நீலமாக விழ வேண்டும். மஞ்சளாக, மெலிந்து விழுந்தால், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைத் திறங்கள். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.64. பிளக் ஒயர் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. ஒயரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் நகரும் தட்டிலிருந்து உடலுக்கு ஒரு சின்னத் துணிச்சுற்று எர்த் ஒயர் போகும், விரல் நீளம்கூட இருக்காது. வெளியே முழுதாகத் தெரியும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். நிற்கும்போது எஞ்சின் நன்றாக ஓடும், ஆக்ஸிலேட்டர் அழுத்தினால் தட்டு நகரும், ஒயர் விலகும், வண்டி ஜெர்க் அடிக்கும். இதைக் கார்பரேட்டர் கோளாறு என்று சொல்லிக் கார்பரேட்டரைப் பிரிப்பவர்கள் நிறைய. சாவியைப் போட்டு, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் காயிலின் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்க முனையை அளங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அளந்துகொண்டே அந்தத் தட்டை விரலால் நகர்த்துங்கள். முள் ஆடினால் அந்த ஒயர்தான்.

புது உதிரி என்றால் நல்ல உதிரி என்று நினைக்காதீர்கள். இப்போது வரும் மலிவான கண்டென்சர்களும் ரோட்டர்களும் சில நூறு கிலோமீட்டரில் செத்துவிடுகின்றன. சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியில் முதல் சந்தேகம் கண்டென்சர். ரோட்டர் வாங்கும்போது பித்தளைத் தகடு ரிவிட் அடிக்காமல் வார்த்ததாக இருக்கும் வகையைக் கேளுங்கள், ரிவிட் வழியாக ஸ்பார்க் தண்டுக்கு இறங்கிவிடும். கழற்றிய பழையது வேலை செய்தால் எறியாமல் டிக்கியில் வையுங்கள்.

ரப்பர் பம்பர் வந்த பிந்தைய வண்டிகளில் காயிலுக்கு முன்னால் வோல்ட்டைக் குறைக்கும் ஒரு பாலஸ்ட் ஒயர் உண்டு, அதற்கு 1.5 ஓம் காயில். முந்தைய வண்டிகளுக்கு 3 ஓம். மாற்றிப் போட்டால் ஒன்று பாயின்ட் கருகும், இல்லை ஸ்பார்க் மெலியும்.

7. ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த வண்டி

நல்ல விலையில் வண்டி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று மெலிது. அங்கே சரியாக ஓடுவதற்காகக் கார்பரேட்டரில் பெட்ரோலைக் குறைத்தும் இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) முன்னால் தள்ளியும் வைத்திருப்பார்கள். அதே வண்டி என்3 நெடுஞ்சாலை வழியாக டர்பனுக்கு இறங்கியதும் காற்று அடர்த்தியாகிறது, கலவை வறண்டுவிடுகிறது. சூடு ஏறும், ஏற்றத்தில் எஞ்சின் கணகணவென்று தட்டும். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும் வரை போகும்.

வந்த அன்றே டைமிங்கை மேனுவல்படி திரும்ப வையுங்கள். மேட்டு நிலத்தில் 93 ஆக்டேன் போட்டு ஓட்டியிருப்பார்கள், இங்கே 95 போடுங்கள். எஸ்யூ கார்பரேட்டருக்கு: எஞ்சின் நன்றாகச் சூடானபின், ஏர் ஃபில்டர் கழற்றி, கார்பரேட்டரின் பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் தூக்கு ஊசியை ஒரு மில்லிமீட்டருக்குள் மேலே தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே விழுந்து நிற்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஜெட் நட்டைக் கீழே திருப்பினால் பெட்ரோல் கூடும், மேலே திருப்பினால் குறையும். நட்டின் ஆறு முகத்தில் ஒரு முகம் திருப்பிவிட்டுச் சோதியுங்கள், இரண்டு கார்பரேட்டருக்கும் ஒரே அளவு. மேல் மூடியில் 20 எண் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது வற்றினால் பிக்கப் இருக்காது.

8. சூடு

பிப்ரவரி டர்பனில் இது வந்தே தீரும். முதலில் உண்மையிலேயே சூடா, முள் பொய் சொல்கிறதா என்று பிரியுங்கள். மின்சார மீட்டர் உள்ள பல பிரிட்டிஷ் வண்டிகளில் பெட்ரோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் சேர்த்து 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். இரண்டு முள்ளும் சேர்ந்து உயர்ந்தால் அதன் எர்த்தைப் பாருங்கள்.

உண்மையான சூடு என்றால் வரிசை இது: தண்ணீர் அளவு, பெல்ட் இறுக்கம், டைமிங், கலவை, தெர்மோஸ்டாட், கடைசியில் ரேடியேட்டர். ரேடியேட்டரில்தான் செலவு, அதனால் கடைசியில். வண்டி ஊர்ந்து போகும்போது மட்டும் சூடு ஏறினால் காற்றோட்டக் கோளாறு, வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

9. பிரேக்கும் கிளட்ச்சும்

இதில் சோதனை செய்து பழக வேண்டாம். மிதி மெல்லக் கீழே இறங்குகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, சக்கரம் தொட்டால் சுடுகிறது என்றால் வண்டியை ஓட்டாமல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பிரேக் பிடித்தபின் விடாமல் நின்றால் காலிபர்தான் காரணம் என்று இல்லை, பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கலாம். வயது தெரியாத ஹோஸ் அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டேன். டாட் 4 பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், டர்பனில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள்.

10. உதிரி பாகம், சுங்கம், காத்திருப்பு

பிளக், பெல்ட், பேரிங், பல்பு, ஹோஸ் எல்லாம் இங்கேயே கிடைக்கும். உம்கேனி ரோட்டிலும் ஜேக்கப்ஸ் பக்கமும் கவுன்டரில் வயதானவர் நிற்கும் கடையாகப் பாருங்கள். பாகத்தைக் கழற்றிக் கையில் எடுத்துப் போனால் அவர்களே அளந்து ஒத்ததை எடுத்துத் தருவார்கள். டேம்பர், பம்ப், டிரிம் போன்றவற்றுக்கு இங்கிலாந்துதான்.

இங்கிலாந்து விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாகத்தின் சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, சுங்கத் தீர்வையையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு 15 சதவீதம் வாட் போடுவார்கள். உதாரணத்துக்கு 2,000 ராண்ட் பாகம், 20 சதவீதத் தீர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்வை 400. வாட் கணக்குக்கு 2,000 + 200 + 400 = 2,600, அதில் 15 சதவீதம் 390. ஆக 790 ராண்ட் கூடுதல், அதற்கு மேல் கூரியர் நிறுவனத்தின் கிளியரன்ஸ் கட்டணம். அந்தக் கட்டணம் சின்னப் பார்சலுக்கும் பெரிய பார்சலுக்கும் பெரிதாக மாறாது. ஆகவே ஒரு ரோட்டரை மட்டும் வரவழைக்காதீர்கள். நோட்டில் பட்டியல் சேர்த்து வைத்து, வருடத்துக்கு இரண்டு பார்சல். என் பார்சல்கள் வேகமாக வந்தது ஒன்பது நாள், தாமதமானது ஐந்து வாரம். பாகம் கையில் வருமுன் வண்டியைப் பிரித்துப் போடாதீர்கள்.

11. ரோடுவொர்த்தி நாள்

வண்டியின் லைசென்ஸ் டிஸ்க் (கண்ணாடியில் ஒட்டும் உரிம வில்லை) காலாவதியாகி இருந்தால் சோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போகவும் அனுமதி வேண்டும், அதற்குச் சிறப்பு அனுமதிச் சீட்டு (ஸ்பெஷல் பர்மிட்) எடுங்கள். போகும் முன் வீட்டிலேயே ஒரு சுற்று: எல்லா விளக்கும், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக், ஸ்டீயரிங் ஆட்டம், டயர் ஆழம். சட்டப்படி 1 மில்லிமீட்டர் போதும், ஆனால் மழைக்காலத்துக்கு அது போதாது. எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துடைத்துப் படிக்கும்படி வையுங்கள். இந்த எஞ்சின் பின்பக்கம் கொஞ்சம் எண்ணெய் சிந்தும், முந்தைய நாள் அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள். தோற்றால் குறைகளை எழுதித் தருவார்கள், 14 நாளுக்குள் சரிசெய்து திரும்பக் காட்டலாம். மாதக் கடைசியில் மட்டும் போகாதீர்கள். மாதக் கடைசியில் எல்லா வரிசையும் நீளம்.

காப்பீடு எடுக்கும்போது சந்தை மதிப்புக்கு அல்லாமல், முன்பே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். நோட்டும் ரசீதுகளும் அங்கே உதவும்.

12. முதல் நீண்ட ஓட்டம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போய்வாருங்கள், ஒரு வழி 80 கிலோமீட்டர்தான். பைன்டவுன் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் சூடு, பெட்ரோல், பிக்கப் மூன்றும் தெரிந்துவிடும். காலையில் கிளம்புங்கள், இருட்டும் முன் திரும்புங்கள். நின்றுபோனால் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டாம், தடுப்புக்கு அப்பால் நின்று இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். முடிந்தவரை உருட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க்கில் போய் நில்லுங்கள்.

டிக்கியில் இருக்க வேண்டியவை: பாயின்ட், கண்டென்சர், ரோட்டர், ஃபேன் பெல்ட், ஃபியூஸ் நாலு, ஒரு மீட்டர் ஒயர், டேப், தண்ணீர் ஐந்து லிட்டர், 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர், டார்ச், மல்டிமீட்டர். ஆயில் பிரஷர் சூடான எஞ்சினில் ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை காட்ட வேண்டும். ஐட்லிங்கில் 15, 20க்கு இறங்கினால் பயப்பட வேண்டாம்.

வீடு திரும்பியதும் எஞ்சின் ஆறும் முன் செல்ஃப் ஒருமுறை அடித்துப் பாருங்கள். சூட்டிலும் முதல் தட்டிலேயே பிடித்தால் நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். பிடிக்கத் திணறினால் ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, அந்த எர்த் ஒயரின் போல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.